சூப்பில் கிடந்த சிட்டுக்குருவிச் சிறகு

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கலின் நாஜி முகாம் நினைவுகளையும், ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பையும் முடித்திருக்கிறீர்கள். யூத இன அழிப்பைப் பற்றிய இலக்கியம் விடுதலை, அன்பு, காழ்ப்பு ஆகிய மூன்றையும் குறித்து என்ன கற்றுத் தருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனம் இருப்பது கடைசி வரியில்: “உடலை அடைக்கலாம், மனத்தை அடைக்க முடியாது, அன்பு எதையும் வெல்லும். இப்படி எடுத்துக்கொள்ளலாமா?” இது பாடங்களின் பட்டியல் கேட்கும் கேள்வி அல்ல. ஏறத்தாழ அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட ஒரு நிகழ்வைப் படித்துவிட்டு ஆறுதலோடு எழுந்து போகலாமா என்று கேட்கிறீர்கள். முழு ஆறுதல் கிடைக்காது. ஆனால் வெறுங்கையோடும் திரும்ப வேண்டியதில்லை.

நான் கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஐரோப்பிய இலக்கியத்தை மொழிபெயர்ப்பில் நடத்தியவன். இத்தாலியம், ஜெர்மன், இத்திஷ், போலிஷ் எதுவும் எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஆங்கிலத்தின் வழியாகவே படித்தேன். ஆகவே இவர்களுடைய நடையழகைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் நம்பாதீர்கள். நூல்களில் என்ன நடக்கிறது என்பதில் மட்டும் என்னை நம்பலாம். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். “இந்நூல் உணர்த்தும் பாடங்கள் யாவை?” என்று பதினைந்து மதிப்பெண்ணுக்குப் பல ஆண்டுகள் வினா எடுத்தவன் நான். மாணவர்களும் சளைக்காமல் ஐந்து பாடம், ஆறு பாடம் என்று எழுதித் தள்ளினார்கள். ரூத் க்ளூகரைப் படித்த பிறகுதான் அந்த வினாவைக் கைவிட்டேன்.

க்ளூகர் 1931இல் வியன்னாவில் பிறந்தவர். பன்னிரண்டாவது வயதில் நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸில் இருந்தார். 1992இல் வெளியான தம் நினைவுநூலில் ஒரு மதிய உணவைப் பற்றி எழுதுகிறார். இடம் ஜெர்மனியின் கோட்டிங்கன். உடன் இருந்தவர்கள் இளம் ஆய்வாளர்கள். அவர்களில் ஒருவர், ஜெருசலேமில் ஒரு முதியவரைச் சந்தித்ததாகவும், ஆஷ்விட்ஸிலிருந்து பிழைத்து வந்த அந்த மனிதரே அரபு மக்களை வாய்க்கு வந்தபடி ஏசியதாகவும் சொல்லி வியக்கிறார். அங்கே இருந்துவிட்டு வந்த ஒருவர் எப்படி இப்படிப் பேசலாம் என்பது அவருடைய வியப்பு. க்ளூகருக்குக் கோபம் வருகிறது. ஆஷ்விட்ஸ் என்ன கல்வி நிலையமா? அங்கே யாரும் எதையும் கற்கவில்லை. மனிதநேயத்தையும் சகிப்பையும் நிச்சயமாகக் கற்கவில்லை. முகாம்களிலிருந்து நல்லது எதுவும் விளையவில்லை என்கிறார். துன்பம் மனிதனைப் புடம் போடும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். அந்த நம்பிக்கையின் கன்னத்தில் விழுந்த அறை அது. மற்ற நூல்களை இந்த அறையின் வலியோடு படிப்பது நல்லது.

மூன்றில் காழ்ப்பைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த இலக்கியம் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டுவது அதைத்தான். முகாமில் தொடங்காதீர்கள், அது கதையின் கடைசிப் பகுதி. ஆன் ஃபிராங்கின் 1942 ஜூன் 20 குறிப்பைத் திரும்பப் பாருங்கள். யூதர்கள் சைக்கிளை ஒப்படைக்க வேண்டும், டிராமில் ஏறக் கூடாது, மாலை மூன்று மணி முதல் ஐந்து மணிக்குள்தான் கடைக்குப் போகலாம், இரவு எட்டு மணிக்கு மேல் தெருவில் நடமாடக் கூடாது, நீச்சல் குளம் கூடாது, நாடக அரங்கு கூடாது. பதின்மூன்று வயதுப் பெண், வீட்டுப்பாடம் எழுதுவதைப் போல வரிசையாக எழுதிக்கொண்டே போகிறாள். இவற்றில் எந்த ஒரு விதியும் கொலை செய்வதில்லை. ஒவ்வொன்றும் ‘இதையும் பொறுத்துக்கொள்ளலாம்’ என்ற அளவிலேயே இருக்கிறது. ஆஷ்விட்ஸிலிருந்து பிழைத்த எலி வீசலின் ‘இரவு’ நூலில், மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்ற ஆணை வந்தபோது அவருடைய தந்தை சொன்னதும் இதுதான்: நட்சத்திரம்தானே, அதனால் சாவா வந்துவிடும்?

இந்தச் சின்னச் சின்ன அளவைக் கடைசிக் கிராம் வரை எடை போட்டு எழுதி வைத்தவர் விக்டர் க்ளெம்பரர். டிரெஸ்டன் நகரில் பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியர், முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போர்முனைக்குப் போனவர், கிறிஸ்தவத்துக்கு மாறியவரும்கூட. ரபியின், அதாவது யூத மதகுருவின், மகன் என்பதால் 1935இல் வேலை போயிற்று. மனைவி ஏவா யூதர் அல்லர். மணவிலக்குப் பெற்றிருந்தால் அந்த அம்மையாருக்கு எல்லாத் தொல்லையும் தீர்ந்திருக்கும், அவர் பெறவில்லை. அந்தத் திருமணத்தால்தான் க்ளெம்பரர் உயிரோடு இருந்தார். 1942 மே மாதம், யூதர் வீட்டில் செல்லப் பிராணி இருக்கக் கூடாது என்று புதிய விதி வந்தது. அவர்கள் வளர்த்த பூனையை ஏவாவே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லச் செய்தார். இலட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த ஆண்டில் ஒரு பூனை பெரிதா என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் எழுபது ஆண்டு கழித்து அந்த வகுப்பில் கண் கலங்கியது பூனைக்குத்தான், எண்ணிக்கைகளுக்கு அல்ல.

அதே க்ளெம்பரர், நாஜிகளின் மொழியைப் பற்றி 1947இல் வெளியிட்ட நூலில் இன்னொரு சம்பவம் சொல்கிறார். கடித உறை தயாரிக்கும் ஆலையில் அவருக்குக் கட்டாய வேலை. கூட வேலை செய்யும் ஃப்ரீடா என்ற ஜெர்மன் பெண் நல்ல மனது படைத்தவள். யூதர்களோடு பேசக் கூடாது என்ற தடையை மீறி, நோயுற்றிருந்த ஏவாவுக்குக் கொடுக்கும்படி ஒரு பெரிய ஆப்பிளைக் கொண்டுவந்து வைக்கிறாள். அன்றைய டிரெஸ்டனில், அதுவும் ஒரு யூதர் வீட்டுக்கு, ஆப்பிள் எளிதில் கிடைக்காத பொருள். வைத்துவிட்டு, உண்மையான ஆர்வத்தோடு கேட்கிறாள்: “உங்கள் மனைவி ஜெர்மன்காரர் என்கிறார்களே, நிஜமா?” ஆப்பிள் தந்த மகிழ்ச்சி அந்த நொடியே செத்துவிட்டது என்கிறார் க்ளெம்பரர். அவளிடம் துளி வெறுப்பும் இல்லை. ஆனால் ஜெர்மன்காரர் வேறு, யூதர் வேறு என்ற பிரிவு அவள் அறியாமலே அவளுடைய சொல்லுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டது. சொற்கள் மிகச் சிறிய அளவு பாஷாணம் போல உடம்பில் சேரும் என்று அவர் எழுதுவது இதைத்தான். காழ்ப்பு என்றதும் நாம் கத்துகிற வாயைக் கற்பனை செய்கிறோம். ஆப்பிள் கொடுக்கிற கையிலும் அது இருக்கும் என்பதை எனக்குக் காட்டியது இந்தப் பக்கம்.

இன்னும் ஒருவர், பிரீமோ லெவி. இத்தாலியின் டூரின் நகரத்து வேதியியலாளர். 1943 டிசம்பரில் பிடிபட்டு, 1944 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டவர். முகாமை ஒட்டிய ரப்பர் ஆலையில், கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்த வெளியாட்களும் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் நாங்கள் தீண்டத்தகாதவர்கள் என்று எழுதுகிறார் லெவி. சொல் அவருடையது, நான் சேர்த்தது அல்ல. அடுத்து வரும் விளக்கம் முக்கியமானது. தலை மழிக்கப்பட்டு, பெயர் பறிக்கப்பட்டு, சேறும் கந்தலுமாக, பசியில் திருடிக்கொண்டு திரியும் எங்களைப் பார்க்கிறார்கள். இந்தக் கதிக்கு ஆளாகும்படி இவர்கள் ஏதோ பெரும்பாவம் செய்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறார்கள். விளைவைக் காரணமென்று எடுத்துக்கொள்கிறார்கள் என்கிறார். முதலில் ஒரு கூட்டத்தை அழுக்கில் தள்ளு. பிறகு அழுக்கைக் காட்டி அவர்களைத் தள்ளியது சரி என்று சொல். இந்த வரிக்குத் தமிழ் வாசகருக்கு உரை தேவைப்படாது. வகுப்பில் நானும் எழுதியதில்லை, வாசித்துவிட்டு நிறுத்திவிடுவேன்.

அடுத்து விடுதலை. உங்கள் வரியின் முதல் பாதி ஃபிராங்கலிடமிருந்து வந்தது. ஒரு மனிதனிடமிருந்து எல்லாவற்றையும் பறிக்கலாம், நேர்ந்ததை எப்படி ஏற்பது என்று முடிவு செய்யும் கடைசிச் சுதந்திரத்தை மட்டும் பறிக்க முடியாது என்பது அவருடைய புகழ்பெற்ற கருத்து. அவரை நான் குறைத்துப் பேச மாட்டேன். தாயையும் சகோதரனையும் மனைவியையும் இழந்த மனிதர். ஆனால் நூலைச் சற்று நிதானமாகப் படியுங்கள். தங்கள் கடைசி ரொட்டித் துண்டைக் கொடுத்துவிட்டுப் போனவர்களைப் பற்றிச் சொல்லும்போது, அவர்கள் மிகச் சிலரே என்று அவரே எழுதுகிறார். எங்களில் மிகச் சிறந்தவர்கள் திரும்பி வரவில்லை என்றும் எழுதுகிறார். சுவரொட்டியாகும்போது இந்த இரண்டு வாக்கியங்களும் உதிர்ந்துபோகின்றன. (தூண்டலுக்கும் எதிர்வினைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது என்று அவர் பெயரில் சுற்றும் மேற்கோள் அவருடைய நூல்களில் இல்லை. காலை வணக்கத்தோடு அதை அனுப்பும் நண்பர்களிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.)

சிலரால் அந்த அகச் சுதந்திரத்தைக் காப்பாற்ற முடிந்தது என்பது உறுதி. பல சாட்சியங்கள் இருக்கின்றன. அப்படிக் காப்பாற்றியவர்கள் பிழைப்பதற்கு அதனால் கூடுதல் வாய்ப்பு இருந்ததா என்பது ஐயத்துக்குரியது. இருந்தது என்ற பக்கம் ஃபிராங்கல் சாய்கிறார். அவர் ஆஷ்விட்ஸில் இருந்தது சில நாட்களே. பிறகு டாகாவின் துணை முகாம்களில் இருந்தார். ஏறத்தாழ ஓராண்டு ஆஷ்விட்ஸில் கழித்த லெவி, பிழைத்ததற்கு அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு பெயர் வைக்க மறுக்கிறார். ஜெர்மனியில் ஆள் பற்றாக்குறை வந்த 1944இல் வந்து சேர்ந்தது, வேதியியல் தெரிந்திருந்தது, 1945 ஜனவரியில் முகாமைக் காலி செய்து கைதிகளைப் பனியில் நடத்திக்கொண்டு போனபோது செங்காய்ச்சலில் நோயாளர் அறையில் கிடந்தது. நலமாக இருந்ததால் நடந்து போன உயிர் நண்பன் ஆல்பர்ட்டோ திரும்பவில்லை. காய்ச்சலில் கிடந்தவர் பிழைத்தார். இதில் மனவலிமைக்கு எங்கே இடம்? நான் லெவியின் பக்கம். பிழைத்தவனை மனவலிமைக்காகப் பாராட்டினால், செத்தவனை அது இல்லாதவன் என்று சொல்லாமலே சொல்லிவிடுகிறோம்.

விடுதலை என்ற சொல் இந்த நூல்களில் மிகக் கொடூரமாக வரும் இடம் வேறொன்று. வீசலுக்கு வயது பதினாறு. ஆஷ்விட்ஸிலிருந்து துரத்தப்பட்ட பனி நடையில், ஒரு ரபியின் மகன் தள்ளாடும் தந்தையைப் பின்னே விட்டுவிட்டு வேண்டுமென்றே முன்னே ஓடியதை அறிகிறான். அந்த மகன் செய்ததை நான் ஒருநாளும் செய்யாதிருக்க எனக்கு வலிமை கொடு என்று, தான் நம்புவதை விட்டுவிட்ட கடவுளிடமே வேண்டுகிறான். சில நாட்களில், 1945 ஜனவரி இறுதியில், புகன்வால்டு முகாமில் அவனுடைய தந்தை இறக்கிறார். காலையில் விழித்துப் பார்த்தால் தந்தையின் இடத்தில் வேறொரு நோயாளி. அழுகை வரவில்லை. அவனுடைய மனத்தின் அடியில் துழாவிப் பார்த்தால் ஒரு சொல் அகப்பட்டிருக்கும் என்கிறார் வீசல்: அப்பாடா, விடுதலை! அறத்துக்குப் பெயர் வாங்க எழுதுகிறவன் இந்த வரியை எழுதமாட்டான். தந்தையை நேசித்த மகனின் வாயில் அந்தச் சொல்லைத் திணித்ததுதான் முகாமின் வேலை.

கதவு திறந்த நாளும் நாம் நினைப்பது போல இல்லை. 1945 ஜனவரி 27 அன்று நான்கு ரஷ்யக் குதிரை வீரர்கள் வேலி ஓரம் வந்து நின்றதை லெவி எழுதியிருக்கிறார். அவர்கள் கையசைக்கவில்லை, சிரிக்கவில்லை. வெட்கப்பட்டு நின்றார்கள். ஒருவன் செய்த குற்றத்தைப் பார்க்க நேர்ந்த நேர்மையாளனுக்கு வருகிற வெட்கம் அது.

சுதந்திரமான செயல் என்று இந்த இலக்கியத்தில் ஒன்றைக் காட்டச் சொன்னால், மறுபடியும் க்ளூகரிடம்தான் போவேன். ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவில் பெண்களை வேலை முகாமுக்குப் பொறுக்கி எடுக்கிறார்கள். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இடமில்லை. ஒரு வரிசையில் நின்று உண்மை வயதைச் சொல்லித் தள்ளப்பட்ட சிறுமியை, தாய் வற்புறுத்தி அடுத்த வரிசைக்கு அனுப்புகிறாள். அங்கே எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் அதிகாரி பக்கத்தில் எழுத்தராக இருந்தவளும் ஓர் இளம் கைதி. முன்பின் தெரியாதவள். அருகில் வந்து, பதினைந்து என்று சொல் என்று கிசுகிசுக்கிறாள். அதிகாரி, இவள் குள்ளமாக இருக்கிறாளே என்கிறான். கால் சதையைப் பாருங்கள், நன்றாக வேலை செய்வாள் என்று அவளே குறுக்கிடுகிறாள். பெயர் எழுதப்படுகிறது. யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளுக்கு இதனால் கிடைப்பது எதுவும் இல்லை, மாட்டியிருந்தால் தொலைந்தாள். எந்தக் காரண காரியச் சங்கிலியிலும் மாட்டாத செயல் ஒன்று உண்டா என்று தத்துவவாதிகள் கேட்கும்போதெல்லாம் தமக்கு அந்தப் பெண் நினைவுக்கு வருவதாகச் சொல்கிறார் க்ளூகர். மனத்துக்குள் பூட்டி வைத்திருந்த சுதந்திரம் அல்ல அது. வாய் திறந்து சொன்ன ஒரு பொய்.

உங்கள் வரியின் இரண்டாம் பாதிக்கு, அன்பு எதையும் வெல்லும் என்பதற்கு, நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. அன்பையே தூண்டில் ஆக்கிய இடம் ஆஷ்விட்ஸ். குழந்தையைக் கையில் பிடித்திருந்த தாய் நேரே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டாள். இளையவளாகத் தனியே நின்றிருந்தால் ஒருவேளை வேலைக்கு எடுக்கப்பட்டிருப்பாள். போலந்து எழுத்தாளர் ததேயுஷ் பொரோவ்ஸ்கி, ரயிலிலிருந்து இறங்கிய ஒரு பெண் இதைப் புரிந்துகொண்டு, “அம்மா” என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடிவரும் தன் குழந்தையைத் தன்னுடையது இல்லை என்று சொல்லியபடி ஓடுவதை எழுதினார். அவளை அடித்துத் தூக்கி லாரியில் எறிகிறவனும் ஒரு கைதிதான். அந்தப் பக்கத்தை வகுப்பில் ஒரே முறை வாசித்தேன். பிறகு வாசிக்கவில்லை. அவளைத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

வெல்லவில்லை என்றால் அன்பு இல்லவே இல்லை என்று பொருள் அல்ல. பெரிய உருவில் தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த ஷார்லட் டெல்போ, 1943 ஜனவரி 24இல் புறப்பட்ட ரயிலில் 230 பெண்களில் ஒருவராக ஆஷ்விட்ஸுக்குப் போனார். திரும்பியவர்கள் 49 பேர். அவருடைய நூலில் அன்பு என்பது, பள்ளம் தோண்டும் வேலையில் ஒருத்தி உடைந்துபோகும்போது இன்னொருத்தி, “என் பின்னால் வந்து நின்றுகொள், காவலர்களுக்குத் தெரியாது, அழுதுகொள்” என்று சொல்வது.

நான் முன்பு சொன்ன அந்தத் தீண்டத்தகாதவர்கள் பக்கம் முடிந்த உடனே, லெவி ஒரு மனிதரை அறிமுகப்படுத்துகிறார். லொரென்ஸோ, கொத்தனார். கைதி அல்ல, ஆலையில் கூலிக்கு வந்த இத்தாலியர். அதிகம் பேசமாட்டார். ஆறு மாதம், நாள் தவறாமல், தம் உணவில் மிஞ்சியதையும் ஒரு துண்டு ரொட்டியையும் லெவிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஒட்டுப்போட்ட தம் பனியனைக் கொடுத்தார். லெவிக்காக வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி, வந்த பதிலையும் கொண்டுவந்தார். கைம்மாறு எதுவும் வாங்கவில்லை. அந்தச் சூப்பில் பிளம்ஸ் கொட்டை கிடக்கும், ஒருமுறை இறகோடு ஒரு சிட்டுக்குருவிச் சிறகே கிடந்தது என்று லெவி பின்னால் ஒரு கட்டுரையில் எழுதினார். இன்னொரு நாள் சூப்பில் மண்ணும் கல்லும். மன்னித்துக்கொள், அழுக்காகிவிட்டது என்று மட்டும் சொன்னாராம். வரும் வழியில் குண்டு விழுந்து, பாத்திரம் மண்ணில் புதைந்து, அவருடைய செவிப்பறை கிழிந்திருந்தது. அதைச் சொல்லவில்லை. தாம் உயிரோடு இருப்பது லொரென்ஸோவால்தான் என்கிறார் லெவி. சூப்பினால் மட்டும் அல்ல, வெளியே இன்னும் கெடாத உலகம் ஒன்று இருக்கிறது என்று அந்த மனிதர் நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருந்ததால்.

மாணவர்களுக்கு நான் இத்தோடு முடித்துவிடுவது வழக்கம்; மணி அடிக்கும், எல்லோரும் நிறைவோடு எழுந்து போவார்கள். உங்களுக்கு மீதியையும் சொல்கிறேன். போர் முடிந்து லொரென்ஸோ நடந்தே இத்தாலி வந்து சேர்ந்தார். லெவி அவரைத் தேடிப் போனார். கொத்து வேலையை விட்டிருந்தார், பழைய இரும்பு வாங்கி விற்றுக்கொண்டிருந்தார், குடித்தார். பார்த்தது போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு. லெவி மருத்துவமனையில் சேர்த்துப் பார்த்தார்; அங்கே குடிக்கக் கிடைக்காது என்று ஓடிவந்துவிட்டார். 1952இல் இறந்தார். முகாமிலிருந்து பிழைத்து வந்தவர் அல்லர் அவர். ஆனால் பிழைத்தவர்களுக்கு வரும் நோயில்தான் செத்தார் என்று எழுதுகிறார் லெவி. லெவி தம் மகளுக்கு லீசா லொரென்ஸா என்றும் மகனுக்கு ரென்ஸோ என்றும் பெயர் வைத்திருந்தார்.